மாம்பலத்துக்கு ஒரு 'ஹப்': ஒரு பி.காம்.காரனின் கணக்கு

போன முறை ஜி.எஸ்.டி. பற்றி எழுதினேன். வகுப்பில் நாலு பேர் படித்துக்கொண்டே தூங்கிவிட்டதாக நம்பகமான தகவல் :-) அதனால் இந்த முறை டெபிட், கிரெடிட்டை ஓரம் வைத்துவிட்டு பஸ், ரயில் பக்கம் போகலாம் என்று முடிவு. (கடைசியில் கணக்கு வரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

எங்கள் தெருவில் ஒரு நண்பன் ஆர்க்கிடெக்சர் படிக்கிறான். கல்லூரிகளுக்கு இடையே ஒரு டிசைன் போட்டி. தலைப்பு: நகரத்தில் ஏதாவது ஒரு பகுதிக்கு, சுற்றுச்சூழலைக் கெடுக்காத, துண்டு துண்டாகப் பிரித்து மாட்டக்கூடிய ஒரு போக்குவரத்து மையம். குழுவில் ஒருவராவது வேறு துறை ஆளாக இருக்க வேண்டும் என்பது விதி. "மச்சி, நீ பட்ஜெட் மட்டும் போட்டுக் கொடு. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றான். சரி, ஒரு சர்டிபிகேட் வருமே என்று தலையை ஆட்டினேன். அங்கே ஆரம்பித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில், ஹப் என்றால் என்ன?

ஒரு வண்டியிலிருந்து இறங்கி இன்னொரு வண்டியில் ஏறும் இடம். அவ்வளவுதான். அதை நல்ல இடம், மோசமான இடம் என்று பிரிப்பது எதுவென்றால், இறங்குவதற்கும் ஏறுவதற்கும் நடுவில் நமக்கு என்ன நடக்கிறது என்பதுதான். வெயிலா, மழையா, எத்தனை படி ஏற வேண்டும், இரண்டாவது டிக்கெட்டுக்கு இன்னொரு வரிசையா, அவசரத்துக்கு ஒரு கழிப்பறை உண்டா. கண்ணாடிச் சுவரும் பளபளா தரையும் அப்புறம்.

நாங்கள் எடுத்துக்கொண்ட இடம் மாம்பலம் ரயில் நிலையம். கடற்கரை - தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது 1931-ல். அந்தக் காலத்திலிருந்தே இந்த ஊரை இரண்டாகப் பிரிப்பது இந்தத் தண்டவாளம்தான். கிழக்கே தி.நகர், ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலை, ஜவுளி, நகை, கூட்டம். மேற்கே மேற்கு மாம்பலம், காய்கறிக் கடை, மெஸ், அயோத்தியா மண்டபம், குடியிருப்புகள்.

கிழக்குப் பக்கத்துக்கு 2023 மே மாதம் ஒரு நல்ல காரியம் நடந்தது. மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதையைத் திறந்தார்கள். சுமார் 570 மீட்டர் நீளம். ரங்கநாதன் தெருவில் தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ரயிலில் இறங்கி, யார் முழங்கையிலும் இடிபடாமல் பஸ் ஸ்டாண்டு போய்ச் சேரலாம்.

மேற்குப் பக்கத்துக்கு அப்படி ஒன்றும் இல்லை. டூவீலர், ஆட்டோ, தள்ளுவண்டி, நடக்கிறவர்கள் எல்லோரும் ஒரே குறுகலான இடத்தில். மழை வந்தால் துரைசாமி சுரங்கப்பாதை நிரம்பும். 2021 நவம்பரில் தி.நகர் வட்டாரமே நாட்கணக்கில் தண்ணீரில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் ஹப் மேற்குப் பக்கத்துக்கு என்று முடிவானது இப்படித்தான்.

ஏன் பிரித்து மாட்ட வேண்டும்?

எனக்கு முதலில் எழுந்த கேள்வியும் இதுதான். நல்ல கான்கிரீட்டில் ஒரே தடவையாகக் கட்டிவிட்டுப் போகாமல் இது என்ன பொம்மைக் கட்டை விளையாட்டு?

பதில் நம்ம ஊரிலேயே இருக்கிறது. பறக்கும் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பகுதி 1995-ல் ஓடியது, வேளச்சேரி வரை 2007-ல் வந்தது. நிலையங்கள் ஒவ்வொன்றும் ராட்சச சைஸ். மேல் தளங்களில் கடைகளும் அலுவலகங்களும் வந்து வாடகை கொட்டும் என்று திட்டம் போட்டார்கள். பல நிலையங்களில் அந்தத் தளங்கள் வருஷக்கணக்கில் காலியாகவே கிடந்தன. எங்கள் பாடத்தில் இதற்குப் பெயர் ஐடில் கெபாசிட்டி. முதல் நாளே முழுப் பணத்தையும் சிமெண்டில் கொட்டியாகிவிட்டது. ஆள் வரவில்லை என்பதற்காக இரண்டு மாடியைக் கழற்றி எடுத்துப் போக முடியாது.

இன்னொரு உதாரணம் கோயம்பேடு. 2002-ல் சுமார் 37 ஏக்கரில் பேருந்து நிலையம் திறந்தபோது இனி ஐம்பது வருஷத்துக்குக் கவலை இல்லை என்றுதான் நினைத்திருப்பார்கள். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் சுமார் 88 ஏக்கரில் புது நிலையம் திறந்தாயிற்று. 2024 ஜனவரியில் தென்மாவட்ட பஸ்கள் அங்கே போய்விட்டன. கோயம்பேடு இன்னும் பயனில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 22 வருஷத்திலேயே அதன் வேலை மாறிவிட்டது. கிளாம்பாக்கத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. அவ்வளவு பெரிய நிலையத்தைத் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. தண்டவாளம் எதிரிலேயே ஓடியது, ரயில் மட்டும் நிற்கவில்லை!

நகரம் நகர்ந்துகொண்டே இருக்கிறது, கட்டிடம் நகராது. சிக்கல் அதுதான்.

இதற்கு வெளிநாட்டில் ஒரு பழைய உதாரணம் உண்டு. பிரேசில் நாட்டில் குரிச்சிபா என்ற ஊர். அதன் மேயராக மூன்று முறை இருந்த ஜெய்மி லெர்னர் ஒரு கட்டிடக் கலைஞர் (2021-ல் காலமானார்). மெட்ரோ கட்ட அந்த ஊரிடம் காசில்லை. 1974-ல் பஸ்ஸுக்கென்று தனிப்பாதை ஒதுக்கினார்கள். 1991-ல் குழாய் வடிவ நிறுத்தங்களை வைத்தார்கள். படம் பார்த்தால், கண்ணாடியில் செய்த பெரிய குழாயைப் படுக்க வைத்த மாதிரி இருக்கும். உள்ளே நுழையும்போதே டிக்கெட் முடிந்துவிடும். குழாயின் தரையும் பஸ்ஸின் தரையும் ஒரே உயரம். பஸ் வந்து நின்றால் கதவிலிருந்து ஒரு பலகை இறங்கும், அப்படியே நடந்து ஏற வேண்டியதுதான். சக்கர நாற்காலிக்காரர்களுக்கு லிப்ட். குழாயை விட்டு வெளியே வராமல் வேறு பஸ் மாறினால் மறுபடி காசு கிடையாது. இது மெட்ரோவின் சுகம், ஆனால் பஸ்ஸின் செலவில். பிற்பாடு, 1990-களின் நடுவில், பெரிய பஸ் நிலையங்களை ஒட்டி நகராட்சிச் சேவைகளையும் ஒரே இடத்தில் கொண்டுவந்தார்கள்.

அந்தக் குழாயை அப்படியே தூக்கி மாம்பலத்தில் வைத்தால் சித்திரை வெயிலில் பயணிகள் இட்லி மாதிரி வெந்துவிடுவார்கள். வாங்க வேண்டியது கண்ணாடியை அல்ல, யோசனையை. ஒரே மாதிரித் துண்டு, தொழிற்சாலையில் செய்து, இடத்தில் கொண்டுபோய் மாட்டுவது.

எங்கள் டிசைன்

ஒரு துண்டு 3 மீட்டருக்கு 3 மீட்டர். இரும்புச் சட்டம், எல்லா இணைப்பும் போல்ட்டு நட்டு, வெல்டிங் கிடையாது. பக்கங்கள் திறந்திருக்கும், காற்று வர. கூரை நன்றாக முன்னால் நீண்டிருக்கும், சாரல் அடிக்காமலிருக்க. தரை தெருவைவிட உயரம், சாய்தளத்தோடு. மொத்தம் 20 துண்டு. காத்திருக்கும் இடம் 6, கழிப்பறை 3 (ஆண்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள்), பாலூட்டும் அறை 1, சைக்கிள் நிறுத்தம் 3, சின்னக் கடை 5, பெரிய கடை 2. பத்து வருஷம் கழித்து ஊர் மாறினால் கடையைக் கழற்றி அங்கே இன்னும் நாலு சைக்கிள் துண்டு மாட்டலாம். முழுவதையும் லாரியில் ஏற்றி வேறு நிலையத்துக்கும் கொண்டுபோகலாம்.

'சுற்றுச்சூழல்' என்றதும் எங்கள் குழுவில் எல்லோரும் சோலார், மின்சார பஸ் சார்ஜிங் என்று பறந்தார்கள். நான் கால்குலேட்டரை எடுத்தேன். ஒரு துண்டின் கூரை 9 சதுர மீட்டர், தாராளமாக 1 கிலோவாட் பேனல் உட்காரும். சென்னை வெயிலில் 1 கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாகச் சுமார் 4 யூனிட் தரும். 20 கூரைக்கு 80 யூனிட். விளக்கு, மின்விசிறி, அறிவிப்புப் பலகை, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் போதும், மிச்சமும் ஆகும். ஆனால் பெரிய மின்சார பஸ் ஒன்று கிலோமீட்டருக்குச் சுமார் 1 யூனிட்டாவது குடிக்கும். நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் 200 யூனிட். நம்ம கூரை மொத்தமும் சேர்ந்து ஒரே ஒரு பஸ்ஸுக்குப் பாதி நாள்கூடத் தாங்காது. 2025 ஜூனில் மாநகரப் போக்குவரத்துக் கழகம் வியாசர்பாடியில் முதல் கட்டமாக விட்டதே 120 மின்சார பஸ். அந்த சார்ஜிங்கெல்லாம் பணிமனை வேலை. ஹப் தன் விளக்கைத் தானே எரித்துக்கொண்டால் போதும்.

மழைத் தண்ணீரும் அப்படித்தான். 180 சதுர மீட்டர் கூரை, வருஷத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை. பெருக்கினால் 2.5 லட்சம் லிட்டர்! கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். 10,000 லிட்டர் தொட்டி 55 மில்லிமீட்டர் மழையில், அதாவது ஒரே ராத்திரியில், நிரம்பிவிடும். மீதியை உறிஞ்சு கிணற்றில் விட வேண்டியதுதான். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டிடத்துக்கும் கட்டாயமாக்கிய விஷயம்தானே.

இப்போது என் துறை

பிரித்து மாட்டும் கட்டிடத்துக்கு ஆரம்பச் செலவு அதிகம். இதை மறைக்கக் கூடாது. ஒரு உதாரணக் கணக்கு (நிஜ விலை அல்ல, புரிவதற்காக): கான்கிரீட் 100 ரூபாய், இரும்புத் துண்டு 125 ரூபாய். பாதியில் இடம் மாற்ற வேண்டி வந்தால் கான்கிரீட்டை இடிக்க 5, புது இடத்தில் மறுபடி கட்ட 100, ஆக மொத்தம் 205. துண்டுகளைக் கழற்றி, ஏற்றி, பெயிண்ட் அடித்து மாட்ட 30 என்று வைத்தால் மொத்தம் 155. இடம் மாறவே இல்லை என்றால் கான்கிரீட் 25 ரூபாய் லாபம். மாறினால் துண்டு 50 ரூபாய் லாபம். அப்படியானால் மாறுவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்தாலே இரண்டும் சமம், அதற்கு மேல் இருந்தால் துண்டுதான் ஜெயிக்கும். (காலத்தால் பணத்தின் மதிப்பு குறைவதை விட்டுவிட்டேன். பைனான்ஸ் சார் படித்தால் மன்னிக்கவும்.) கோயம்பேட்டைப் பார்த்த ஊரில் மூன்றில் ஒன்று என்பது பெரிய விஷயமா என்ன?

ஆனால் உண்மையான பிரச்சினை கட்டும் செலவு அல்ல, பராமரிப்பு. கட்டுவதற்கு ரிப்பன் வெட்டும் விழா உண்டு. கழிப்பறையைத் தினம் நாலு தடவை கழுவுவதற்கு விழா கிடையாது. என் தாளில் மாதச் செலவில் பாதிக்கு மேல் துப்புரவுப் பணியாளர்களின் சம்பளம்தான். அதற்கு வருமானம் விளம்பரப் பலகை, கடை வாடகை, சைக்கிள் கட்டணம். கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஏழு கடையையும் டெண்டர் விட்டால் தாராளமாகக் கட்டுப்படியாகிறது.

டெண்டர் விட்டால் யார் எடுப்பார்கள்? பெரிய காபிக் கடை, மொபைல் கடை. யார் எடுக்க மாட்டார்கள்? எங்கள் சித்தி.

சித்தியின் முழம்

சித்தி மாம்பலம் நிலையத்தின் மேற்குப் பக்கம் பூ விற்கிறார். பதினாலு வருஷமாக அதே இடம். விடியற்காலையில் கோயம்பேட்டில் உதிரிப் பூ வாங்கி, வீட்டில் உட்கார்ந்து கட்டி, கூடையோடு வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க இரவு ஒன்பது ஆகும். என் முதல் இரண்டு செமஸ்டர் பீஸில் அந்தக் கூடையின் காசும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கணக்கை நான் எழுத முடியாது.

நண்பன் வரைந்த முதல் படத்தில், சரியாகச் சித்தி உட்காரும் இடத்தில் அழகான மூன்று மரங்களும் புல்தரையும் இருந்தன. பக்கத்தில் 'பசுமைப் பகுதி' என்று எழுதியிருந்தது.

"டேய், இங்க ஆள் உட்கார்ந்திருக்காங்கடா" என்றேன்.

"அவங்களுக்குத்தான் உள்ள கடை கொடுக்கறோமே மச்சி. மேல் தளத்துல."

ஒரு ஞாயிற்றுக்கிழமை படத்தை எடுத்துக்கொண்டு சித்தியிடமே போனோம். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா இருக்குப்பா, சினிமா செட்டு மாதிரி" என்றார். பிறகு அவர் சொன்னது:

"எனக்கு மாடியெல்லாம் வேணாம் கண்ணா. சாயந்திரம் ஆபீஸ் முடிஞ்சு வர்ற பொண்ணுங்க படியிலேர்ந்து இறங்கி வீட்டுக்கு நடக்கற வழி இது. பூவைப் பார்த்தாத்தான் வாங்கணும்னு தோணும். பூ வாங்கறதுக்குன்னு யாராவது மாடி ஏறுவாங்களா? ஜனங்க நடக்கற வழியில ஒரு முழம் இடம் போதும்."

"வேற என்னம்மா வேணும்?" என்று நண்பன் கேட்டான்.

சித்தி கொஞ்சம் தயங்கினார். "கக்கூஸ் கட்டினா முதல்ல கட்டுங்க. மத்தியானத்துக்கு மேல நான் தண்ணியே குடிக்கறதில்ல."

நண்பன் நோட்டில் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டான். பதினாலு வருஷம் அவரைப் பார்த்திருக்கிறேன், எனக்கே இது தெரியாது. அவர்கள் இதையெல்லாம் நம்மிடம் சொல்ல மாட்டார்கள்.

அதற்கு அப்புறம் படம் மாறியது. கழிப்பறைத் துண்டுகள் கடைசியில் இருந்து முதல் கட்டத்துக்கு வந்தன. ஐந்து சின்னக் கடைகளும் மாடியில் இருந்து இறங்கி, படிக்கட்டு முடியும் இடத்திலிருந்து தெரு வரை, ஜனங்கள் நடக்கும் வழியின் ஓரத்தில் வரிசையாக வந்தன. கூரை உண்டு, தண்ணீர்க் குழாய் உண்டு, ராத்திரி கூடையைப் பூட்டி வைக்க ஒரு பெட்டி உண்டு. ஒரு துண்டை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தோம், பூக்கடைக்கு 9 சதுர மீட்டர் எதற்கு? ஆக பத்துப் பேர் உட்காரலாம். மரம் போகவில்லை, சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் போனது.

இது ஏதோ இரக்கப்பட்டுக் கொடுப்பதும் அல்ல. 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெருவோர வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது? கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் கொடுக்கும் வரை ஏற்கெனவே இருப்பவரை அப்புறப்படுத்தக் கூடாது. ஊருக்கு ஊர் விற்பனைக் குழு அமைக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தை வாசித்துவிட்டு மறுபடி அந்தப் 'பசுமைப் பகுதி' படத்தைப் பார்த்தால், அழகாக வரைந்த ஒரு வெளியேற்றம் மாதிரித்தான் இருந்தது.

வருமானம் குறைந்ததே, அதை எப்படிச் சமாளித்தேன்? பெரிய கடை இரண்டை மட்டும் டெண்டர். சின்னக் கடைகளுக்குத் தினசரிக் கட்டணம், ஒரு நாள் வராவிட்டால் அன்றைக்குக் கிடையாது. பூ வியாபாரத்தில் மாத வாடகை என்பது மழைக்காலத்தில் கடன் வாங்க வைக்கும். மிச்சப் பள்ளத்தை விளம்பரப் பலகையைக் கொண்டு நிரப்பினேன். கையில் நிற்கும் லாபம் மிகக் கொஞ்சம்தான். ஆனால் நஷ்டம் இல்லை. நகராட்சிக் கழிப்பறையில் லாபம் பார்க்க நாம் என்ன கார்ப்பரேட்டா?

முடிவு என்ன ஆனது?

ஆறுதல் பரிசு கிடைத்தது. முதல் பரிசு வாங்கிய குழுவின் டிசைன் கண்ணாடியில் செய்த பெரிய முட்டை மாதிரி இருந்தது, நிஜமாகவே அழகு. எங்கள் முறை வந்தபோது ஒரு நடுவர், "எல்லாம் சரி, இதில் கட்டிடம் எங்கேப்பா?" என்று கேட்டார். நண்பன் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. "சார், இது கட்டிடம் இல்ல. நடக்கற வழிக்குப் போட்ட கூரை."

யோசித்துப் பார்த்தால் நல்ல ஹப்பில் பாதி விஷயம் கட்டிடமே அல்ல. சென்னையில் பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவர ஒரு குழுமம் வேண்டும் என்று சட்டம் போட்டது 2010-ல். மூன்றுக்கும் சேர்த்து ஒரே செயலியில் டிக்கெட் என்று 'சென்னை ஒன்று' வந்தது 2025 செப்டம்பரில். நடுவில் 15 வருஷம். அந்த டிக்கெட்டும் ஒரு துண்டுதான். ஒரு லிட்டர் சிமெண்டுக் கலவை கூட இல்லாமல், ஒரு வரிசையை மொத்தமாகக் கழற்றிவிட்டது.

எங்கள் 20 துண்டை யாரும் கட்டப் போவதில்லை, தெரியும். ஆனால் உங்கள் பக்கத்து ரயில் நிலையத்திலோ பஸ் ஸ்டாண்டிலோ நாளைக்கு ஏதாவது கட்டத்தான் போகிறார்கள். படம் வரைந்து போர்டு வைப்பார்கள், அதில் மரம் எல்லாம் பச்சைப் பசேல் என்று இருக்கும். அந்த போர்டைப் பார்க்கும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். படத்தில் மரம் இருக்கும் இடத்தில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். முடிந்தால் அவரிடம் ஒரு முழம் பூவோ, ஒரு கொய்யாவோ வாங்கிக்கொண்டு, உங்களுக்கு முதலில் என்ன வேண்டும் என்று கேளுங்கள்.

உங்கள் ஊர் நிலையத்துக்கு மூன்றே துண்டுதான் என்றால் எந்த மூன்று? யோசித்துச் சொல்லுங்கள். என்னுடைய முதல் துண்டு எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த முறை பார்ப்போம். (செமஸ்டர் முடிந்த பிறகு!)